ஒரே ஆண்டில் வெள்ளமும் வறட்சியும்: 12 சதுர கி.மீ. வடிநிலத்தில் இயற்கைவழியில் எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கரை (கேள்வி):

வணக்கம். ஒரு சிறு வடிநிலத்துக்கான (மழைநீர் ஓடி ஒரே ஏரிக்கு வந்து சேரும் நிலப்பரப்பு) திட்ட வரைவு கையில் இருக்கிறது. மொத்தப் பரப்பு 12 சதுர கி.மீ. மேலே 3 சதுர கி.மீ. அளவுக்கு அரித்துப்போன சரிவு, சாய்வு 8 முதல் 15 சதவீதம், புல் அநேகமாக இல்லை. நடுவில் மானாவாரி நிலம். அடியில் 40 ஹெக்டேர் ஏரி, சராசரி ஆழம் 2 மீட்டர். ஏரிக்குக் கீழே குடியிருப்பு.

ஆண்டு மழையின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. மழை நாட்கள் குறைந்து, ஒவ்வொரு மழையும் கனத்துவிட்டது. இரண்டே மழையில் ஏரி நிரம்பி, கலிங்கு (உபரிநீர் வெளியேறும் தடுப்பு) வழிந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. ஆறேழு மாதத்தில் அதே ஏரி வெடித்துக் கிடக்கிறது.

வரைவில் மூன்று வேலைகள் எழுதியிருக்கிறார்கள்: கரையை 1 மீட்டர் உயர்த்துவது, வரத்துக் கால்வாயின் அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் போடுவது, மேல் சரிவு முழுவதும் மரம் நடுவது. இதற்குப் பதிலாக மண், புல், சதுப்பு, ஓடைக்கரைத் தாவரம் இவற்றைக் கொண்டு செய்யலாம் என்று மறுதரப்பு சொல்கிறது. என் சந்தேகங்கள் இவை. அப்படிச் செய்தால் வெள்ளம் உண்மையிலேயே குறையுமா, எவ்வளவு? மரம் நடலாமா? ஏரிக்குள் 500 பேரின் கழிவுநீரும் வருகிறது, அதை என்ன செய்வது? செய்த வேலை பலித்ததா என்று எப்படி அறிவது?

வடிநிலக்கணக்கு:

வெள்ளக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்கிறேன். இந்தக் கணக்கைப் போடாமல் இரு தரப்பும் வாதாடினால் வாதம் முடியவே முடியாது.

முதலில் ஓர் அளவை மனத்தில் வையுங்கள்: 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர். உங்களுடையது 1,200 ஹெக்டேர். ஏரியின் கொள்ளளவு 8 லட்சம் கன மீட்டர்.

மழையில் எவ்வளவு ஓடிவரும் என்பதற்கு வளைவு எண் முறை போதும். மண் வகை, நிலப்பயன்பாடு, தாவர மூடாக்கு மூன்றையும் பார்த்து நிலத்துக்கு ஓர் எண் தருவார்கள். எண் கூடினால் ஓட்டம் கூடும். உங்கள் நிலம் இப்போது சுமார் 85 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 61 மி.மீ. ஓடிவரும். அதாவது 7.3 லட்சம் கன மீட்டர். ஒரே மழையில் ஏரி கிட்டத்தட்ட நிரம்பிவிடும். நீங்கள் சொன்ன நிலவரத்தோடு இது ஒத்துப்போகிறது.

புல்மூடாக்கு, வரப்பு, உழவுமுறை மாற்றம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை 75-க்கு இறக்கினால், அதே 100 மி.மீ. மழையில் ஓடிவருவது 41 மி.மீ. ஆகும். மூன்றில் ஒரு பங்கு குறைவு. நல்ல பலன்தான்.

இப்போது 250 மி.மீ. போட்டுப் பாருங்கள். எண் 85-இல் 203 மி.மீ., 75-இல் 171 மி.மீ. குறைவது 16 சதவீதம் மட்டுமே. மேலும் இந்தக் கணக்கு காய்ந்தும் நனைந்தும் இல்லாத இடைப்பட்ட மண்ணுக்கானது. முந்தைய நாள் பெய்து மண் ஊறியிருந்தால் அந்த 16-உம் சுருங்கும்.

ஆகவே இந்த வேலைகள் நடுத்தர மழைகளை வெகுவாகத் தணிக்கும், மண் அரிப்பைக் குறைக்கும், கோடைக்கு நீர் சேர்க்கும். மாபெரும் மழையைத் தடுத்து நிறுத்தாது. 'காடு வளர்த்தால் வெள்ளமே வராது' என்று மக்களிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பெருமழையில் நம்பிக்கை உடைந்தால் நல்ல வேலையையும் சேர்த்துக் கைவிடுவார்கள்.

இன்னொன்று. வரைவில் எந்த ஆண்டுகளின் மழைப் பதிவை வைத்து வடிவமைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஓரிரு மணிநேரக் கனமழை அதற்கும் மேலே போகலாம். ஒரே ஓர் எண்ணை நம்பி வடிவமைக்காமல், பழைய பதிவோடு 10, 20, 30 சதவீதம் கூட்டி மேலே சொன்ன கணக்கை மூன்று முறை போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு பொய்த்தால் ஏரி என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புல்லும்கல்லும்:

கணக்கு சரி. அந்த 85-ஐ 75 ஆக்குவது எப்படி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழி வெட்டினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 0.5 மீ. அகலம், 0.5 மீ. ஆழம், 4 மீ. நீளமுள்ள ஒரு சம உயரக் குழி (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டுவது) பிடிப்பது 1 கன மீட்டர். மேலே சொன்ன 20 மி.மீ. வித்தியாசத்தைக் குழிகளாலேயே பிடிக்க நினைத்தால் 2,40,000 குழிகள் வேண்டும். நடக்காத காரியம். ஆனால் மேல் 30 செ.மீ. மண்ணில் நீர் கொள்ளும் இடம் 5 சதவீதம் கூடினால் அதுவே 15 மி.மீ. பிடித்துவிடும். மண்தான் பெரிய தேக்கம். மண் ஆறி, புல் பிடித்து, வேர் இறங்கும்வரை மண் ஓடிவிடாமல் காப்பதுதான் குழியின் வேலை.

மேய்ச்சலை நிறுத்தாமல் இதில் எதுவும் நிற்காது. முழுச் சரிவையும் அடைத்தால் ஆடுமாடு வைத்திருப்பவர்கள் வேலியைப் பிரித்துவிடுவார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் அதில் இருக்கிறது. மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறை இரண்டு மூன்று மழைப்பருவம் மூடி, புல்லை அறுத்து எடுத்துச் செல்ல மட்டும் அனுமதித்து, பிறகு அடுத்த கூறுக்குப் போங்கள். எந்தக் கூறு எப்போது மூடப்படும் என்பதை மேய்ப்பவர்களே முடிவு செய்யட்டும்.

குழி வெட்டும்போது மட்டக்குழாய் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் தெளிவான குழாய்) கொண்டு சம உயரக் கோட்டைக் குறியுங்கள், கண்ணால் பார்த்துக் குறிக்காதீர்கள். குழியின் ஒரு முனை 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலும் தண்ணீர் முழுவதும் அங்கே தேங்கி உடைத்துக்கொண்டு கீழே உள்ள குழிகளையும் வரிசையாக உடைக்கும். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம், குழி விளிம்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் போட்டு அன்றே அதில் புல் விதையுங்கள். அடுத்த வரிசை செங்கல் கட்டுபோல மாறி மாறி வரவேண்டும். மண் வழுகும் செங்குத்துச் சரிவில் குழியே வேண்டாம். உள்ளே இறங்கும் நீர் சரிவையே பெயர்த்துவிடும்.

அரிப்புப் பள்ளங்களில் கல் தடுப்பு வையுங்கள். மேலேயிருந்து கீழே வரவேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேலே தணியாத ஓட்டம் வந்து ஒவ்வொன்றாகப் பெயர்க்கும். உயரம் 1 மீட்டருக்குள் இருக்கட்டும். இடைவெளிக்கு விதி எளிது: கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் அடிக்கு நேர்மட்டத்தில் வரவேண்டும். 8 சதவீதச் சாய்வில் 0.8 மீ. உயரத் தடுப்பு என்றால் 10 மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதி ஓரங்களைவிட 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கரைக்குள் அரை மீட்டர் வெட்டிச் செருக வேண்டும். கீழ்ப்பக்கத்தில் தடுப்பு உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கல் பாவ வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்பது தெளிவு. நடு தாழாவிட்டால் தண்ணீர் ஓரத்தை அரித்துச் சுற்றிக்கொண்டு போகும். கல் பாவாவிட்டால் விழும் நீர் அடியைப் பறித்துத் தடுப்பைக் கவிழ்க்கும். உருண்டைக் கல் பிடித்து நிற்காது, உடைகல் எடுங்கள். பெரியவை வெளிமுகத்திலும் சிறியவை உள்ளேயும் வரட்டும். சிமெண்ட் பூச வேண்டாம். கல் இடுக்கில் வண்டல் பிடித்து, புல் முளைத்து, இரண்டு மூன்று பருவத்தில் அது உயிருள்ள படியாக மாறவேண்டும். வண்டல் நிறைந்ததும் வெட்டிவேர்போல் அடர்ந்து இறங்கும் புல்லை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் குறுக்கு வரிசையாக நடுங்கள்.

மரம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: சரிவு முழுக்க நெருக்கமாக நடாதீர்கள், அதுவும் தைலமரம், பைன் வகை வேண்டவே வேண்டாம். மரம் நீரை உறிஞ்சி வெளிவிடும். 94 வடிநிலச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த போஷும் ஹ்யூலெட்டும் 1982-இல் காட்டியது இதுதான்: தைலமரமும் பைனும் பரப்பில் 10 சதவீதம் கூடினால் ஆண்டு நீர்வரத்து சுமார் 40 மி.மீ. குறையும். புதர் 10 சதவீதம் கூடினால் குறைவது சுமார் 10 மி.மீ. மட்டுமே. 2005-இல் வெளியான ஜாக்சன் குழுவின் ஆய்வில், மரம் வளர்த்த நிலங்களின் ஓடைகளில் 13 சதவீதம் குறைந்தது ஓராண்டாவது முழுதும் வற்றியிருக்கின்றன. தென்னாப்பிரிக்கா 1995 முதல் அரசுத் திட்டமாகவே அந்நிய மரங்களை வெட்டி ஓடைகளை மீட்டுவருகிறது.

இதைக் கேட்டுவிட்டு மரமே வேண்டாம் என்று முடிவு செய்யவும் கூடாது. இறுகிய மண்ணில் வேர் துளைத்தால் நீர் இறங்கும். புர்கினா பாசோவில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மரமே இல்லாத இடத்தையும் அடர்ந்த இடத்தையும்விட நடுத்தரச் செறிவில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் சேர்ந்தது. ஆகவே முதலில் புல், பிறகு அந்தந்த மண்ணுக்குரிய புதர், அதன்பின் ஓடை ஓரத்திலும் ஈரமான பள்ளத்திலும் அங்கங்கே மரம். சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கி வெறும் மண்ணை மழைக்குக் காட்டாதீர்கள். பட்டை பட்டையாக வெட்டி, அந்தந்தப் பட்டையில் புல் பிடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். விதை மண்ணில் பல ஆண்டு கிடக்கும். மறுவெட்டுக்கு ஆளும் நிதியும் ஒதுக்காவிட்டால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கோரைத்தடாகம்:

ஏரிப் பகுதிக்கு வருகிறேன்.

தூர் வாருவதில் அவசரம் வேண்டாம். நீர் ஓடிவந்து சேரும் முகப்பில் மட்டும் ஒரு வண்டல் குட்டை அமையுங்கள். ஏரிப் பரப்பில் 5 சதவீதம், ஆழம் 1.5 மீட்டர், வண்டி இறங்க ஒரு சரிவுப் பாதை. வண்டலில் பெரும்பகுதி இங்கே படியும், ஏரி முழுவதையும் தோண்டாமல் இதை மட்டும் அள்ளினால் போதும். அள்ளிய வண்டலை வயலுக்குக் கொடுக்குமுன் கன உலோகச் சோதனை செய்யுங்கள், கழிவுநீர் வரும் ஏரி அல்லவா.

ஏரியின் அடியில் உள்ள களிப்படலத்தைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது. நிலத்தடி நீர் சேர்வதுதான் நோக்கம் என்றால் அது வேறு கதை. அதற்கும் முதலில் இரட்டை வளைய ஊடுருவல் சோதனை செய்யுங்கள். உள் வளையம் 30 செ.மீ., வெளி வளையம் 60 செ.மீ. விட்டம். இரண்டிலும் ஒரே மட்டத்தில் நீர் வைத்து, இறங்கும் வேகம் நிலைப்படும்வரை அளக்க வேண்டும். மணிக்கு 30 மி.மீ.-க்கு மேல் என்றால் மணல், 1 முதல் 5 என்றால் களி. களியில் ஊறல் குட்டை வெட்டுவது வீண். கரையின் அடிக்காலை ஒட்டி மண் எடுப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்காதீர்கள். நீர்க்கசிவுப் பாதை சுருங்கிக் கரையே போய்விடும்.

கோடைக்கு நீர் நிற்க, ஏரி முழுவதையும் தட்டையாக ஆழப்படுத்த வேண்டாம். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 40 ஹெக்டேரில் 2,000 கன மீட்டர் போகிறது, 180 நாளில் 0.9 மீட்டர். பாதி ஏரி வானத்துக்குப் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கை 4 மீட்டர் மடுவாக ஆழப்படுத்தினால் கடைசி நீர் சிறிய பரப்பில் ஒதுங்கும், மீனுக்கும் அதுவே புகலிடம். கரையோரம் 1-க்கு 5 அல்லது அதைவிட மெதுவான சரிவில் ஆழமற்ற விளிம்பு விடுங்கள். கோரையும் நாணலும் அலையின் வேகத்தை உடைக்கும், பறவை கூடு கட்டும். நாலாபுறமும் கல்சுவர் எழுப்பி நடைபாதை போடுவது ஏரியைத் தொட்டியாக்கும் வேலை.

500 பேரின் கழிவுநீர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 50 கன மீட்டர். சரளைப் படுகைச் சதுப்பு, அதாவது சரளை நிரப்பி நாணல் நட்ட படுகை வழியே கழிவுநீரைச் செலுத்தித் தெளியவைப்பது, இதற்குப் பொருத்தம். வெப்பப் பகுதியில் ஆளுக்கு 2 சதுர மீட்டர், ஆக 1,000 சதுர மீட்டர். ஆழம் 0.6 மீ., சரளை 10 முதல் 20 மி.மீ., நுழைவிலும் வெளியேற்றத்திலும் 40 முதல் 80 மி.மீ. கல். சரளையின் இடைவெளி 40 சதவீதம் என்றால் நீர் 4.8 நாள் உள்ளே நிற்கும். அடிச்சாய்வு 1 சதவீதம். நீர்மட்டம் சரளை மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிற்கும்படி வெளியேற்றத்தில் உயரம் மாற்றக்கூடிய குழாய் முழங்கை வையுங்கள். நாணல் அல்லது சம்பு நடலாம்.

இது கெடுவதற்கு முதல் காரணம் அடைப்பு. முன்னால் ஒரு நாள் நீரைத் தாங்கும் படிவுத் தொட்டி இல்லாவிட்டாலோ, இருந்தும் சேறு அள்ளாவிட்டாலோ, நுழைவின் முதல் சில மீட்டர் சரளை கறுத்துப் போய் நீர் மேலே ஓடும், கொசு வரும். நுழைவை அகலமாக வைத்தால் சுமை பரவும், எடுத்துக்காட்டாக 40 மீ. அகலம், 25 மீ. நீளம். இரண்டாவது காரணம் மழைநீர். வடிகாலும் கழிவுநீரும் ஒரே வாய்க்கால் என்றால், மழையில் வரும் மிகைநீரைத் தனியே திருப்பிவிடும் ஒரு வழி கட்டாயம். நிலத்தடி நீர் மேலாக இருந்தால் அடியில் நீர்புகா விரிப்பு போடுங்கள். பாஸ்பரஸ் பெரிதாகக் குறையாது, சரளை சில காலத்தில் ஏற்பதை நிறுத்திவிடும். அந்தப் பாஸ்பரஸ் களைக்கு உரமாவதால் ஆகாயத்தாமரை மீண்டும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், இளம் திட்டாக இருக்கும்போதே எடுங்கள். கிருமியும் முழுதாகப் போகாது, குடிநீருக்கு இது ஆகாது.

ஓடைக்கரை:

மிக்க நன்றி. கரையை உயர்த்துவதும் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுவதும் வேண்டவே வேண்டாம் என்று எழுதலாமா?

வடிநிலக்கணக்கு:

கான்கிரீட் வேண்டாம் என்று எழுதலாம். வழவழப்பான கால்வாய் எல்லா ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் ஏரியில் கொண்டுவந்து கொட்டும், வழியில் ஊறுவதையும் தடுக்கும். இருபுறமும் 10 மீட்டராவது புல்லும் புதரும் விடுங்கள். பாலத்தடியிலும் கூர்வளைவிலும் மட்டும் கல் பாவலாம்.

கரையை உயர்த்துவது பற்றி அவசரப்படாதீர்கள். 1 மீட்டர் உயர்த்தினால் 4 லட்சம் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், விளிம்பு நிலமும் மூழ்கும். ஆனால் 250 மி.மீ. மழையில், நிலம் திருந்தியபின்னும் 20.5 லட்சம் கன மீட்டர் வரும். ஏரி காலியாக இருந்தாலும் 12.5 லட்சம் வழிந்தாக வேண்டும். உயர்த்திய கரை இதைத் தாங்காது, உடைந்தால் சேதம் இன்னும் பெரிது. பணத்தைக் கலிங்கிலும் அதற்குக் கீழே உள்ள உபரிநீர்ப் பாதையிலும் போடச் சொல்லுங்கள். 12.5 லட்சம் ஒரு நாளில் போனால் சராசரி நொடிக்கு 14.5 கன மீட்டர், உச்சம் அதைப்போல் சில மடங்கு. உச்சம் 45 என்று வந்தால், அகன்ற தலைக் கலிங்கில் 0.6 மீ. உயரம் வழியும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.79 கன மீட்டர், ஆக 57 மீட்டர் நீளம் வேண்டும். இருக்கும் கலிங்கை நாடாவால் அளந்துபாருங்கள். அதற்குக் கீழே பாதை குறுகி வீடு வந்திருந்தால் கலிங்கை நீட்டியும் பயனில்லை. நெதர்லாந்தில் வால் ஆற்றின் கரையை நைமேகன் நகரருகே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். கரைக்குப் பெயர்போன நாடே அப்படிச் செய்தது. உங்கள் திட்டத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் இது மண் வேலை அல்ல, மனிதர்களின் இருப்பிடம். மாற்றிடத்தை உறுதிசெய்யாமல் அந்தப் பத்தியை எழுதாதீர்கள்.

மேலே நீர் பிடித்தால் அடுத்த ஏரிக்குப் போவது குறையும். கீழ்ப் பாசனக்காரர்களையும் தொடக்கத்திலேயே உட்காரவைத்துப் பேசுங்கள்.

மட்டக்கோல்:

வேலை பலித்ததா என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை. அளவெடுப்பதை வேலைக்கு முன்பே தொடங்க வேண்டும், முடிந்தால் இரண்டு மழைப்பருவம். வேலை முடிந்தபின் அளந்தால் நல்ல மழை ஆண்டையே வெற்றி என்று எழுதிவிடுவீர்கள். அருகிலேயே இதே மண், சாய்வுள்ள, எந்த வேலையும் நடக்காத சிறு ஓடை ஒன்றையும் சேர்த்து அளந்தால்தான் மழையின் பங்கையும் வேலையின் பங்கையும் பிரிக்கலாம்.

ஓடைக்குக் குறுக்கே, மேல் விளிம்பில் 90 டிகிரி முக்கோணமாக வெட்டிய பலகை வையுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்ட உயரத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 24.7 லிட்டர். உயரத்தைப் பலகையிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து தாழ்கிறது. மேற்புறம் ஒரு மீட்டராவது தள்ளி அளவுகோலை நடுங்கள். இது சிறு ஓட்டத்துக்கான கருவி, மழை நின்றபின் எத்தனை நாள் ஓடை ஓடுகிறது என்பதை இது காட்டும். அந்த நாள் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடினால் மேலே மண் வேலை செய்கிறது என்று பொருள்.

ஏரிக்கு ஓர் அளவுகோலும் ஓர் ஆவியாதல் தட்டும் (நீர் வைத்து நாள்தோறும் எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் பாத்திரம்) போதும். வரத்தும் இல்லாமல் மதகும் திறக்காத நாட்களில் ஏரி எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 14 மி.மீ. இறங்கி, தட்டில் 8 மி.மீ. என்றால், ஏரியைவிடத் தட்டில் வேகமாக ஆவியாவதால் அதை 0.7-ஆல் பெருக்கி 5.6 மி.மீ. ஆவியாதல். மீதி 8.4 மி.மீ. நிலத்துக்குள் போகிறது. சில ஆண்டில் அது 3-க்கு வந்தால் அடியில் வண்டல் அடைத்திருக்கிறது. காயும் பருவத்தில் மேல் 2 முதல் 5 செ.மீ. படலத்தை மட்டும் சுரண்டுங்கள், அதற்குமேல் தோண்ட வேண்டாம். வண்டல் குட்டையில் செ.மீ. குறியிட்ட இரும்புக் கம்பிகள் நான்கை நட்டு, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் படிவு எவ்வளவு ஏறியது என்று எழுதிவையுங்கள். மேல் சரிவில் புல் பிடித்ததா என்பதை முதலில் சொல்வது அந்தக் கம்பிதான், ஓடை அளவு காட்ட இன்னும் சில பருவம் ஆகும்.